இரைப்பைப் புற்றுநோயும் ரத்தத்தில் பார்க்கும் டியூமர் மார்க்கர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரைப்பைப் புற்றுநோய் என்று உறுதியான நாளிலிருந்து வீட்டில் ஒரு கோப்பு தடித்துக்கொண்டே போகும். எண்டோஸ்கோப்பி அறிக்கை, திசுப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் வீட்டார் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ரத்தப் பரிசோதனைத் தாளைத்தான். மற்ற அறிக்கைகளில் புரியாத வாக்கியங்கள். இதில் ஓர் எண், பக்கத்திலேயே மேல்நோக்கிய அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்களுக்காகவும், அது இல்லாததைப் பார்த்து அளவுக்கு மீறி நிம்மதி அடைந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம்தான். ஒருவருடைய சிகிச்சையைப் பற்றி முடிவு சொல்ல, அவருடைய முழுக் கோப்பையும் படித்த மருத்துவர் வேண்டும்.

டியூமர் மார்க்கர் என்பது என்ன?

புற்றுநோய்ச் செல்கள் உண்டாக்கி ரத்தத்தில் கலக்கவிடும் பொருட்கள். சில சமயம் நோய்க்கு எதிர்வினையாக உடலின் நல்ல செல்களும் இவற்றைச் சுரக்கும். பெரும்பாலும் புரதங்கள், அல்லது சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய புரதங்கள். நலமாக இருப்பவர் ரத்தத்திலும் இவை சிறிதளவு உண்டு. ஆகவே ‘இருக்கிறதா?’ என்று கேட்டுப் பயனில்லை. எவ்வளவு இருக்கிறது, முன்பைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்க வேண்டும்.

இரைப்பைப் புற்றுநோயில் எந்தெந்த மார்க்கர்களைப் பார்க்கிறார்கள்?

முதலில் சி.இ.ஏ. கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஃபில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் 1965-இல் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் கண்டறிந்த புரதம் இது. கருவில் வளரும் சிசுவின் குடலில் மிகுதியாக இருந்து, பிறந்தபின் அடங்கிவிடும். புற்றுநோய் அதை மறுபடி தட்டி எழுப்புகிறது. மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை இயல்பு என்பது பொதுவான வரம்பு. இரைப்பைப் புற்றுநோயாளிக்கு இது மிக அதிகமாக ஏறியிருந்தால், கல்லீரலில் பரவல் உண்டா என்று மருத்துவர் ஸ்கேனை இன்னொரு முறை உற்றுப் பார்ப்பார்.

அடுத்தது சி.ஏ. 19-9. இதன் வரம்பு மில்லிலிட்டருக்கு 37 யூனிட். இது லூயிஸ் என்ற ரத்த வகையோடு தொடர்புடைய ஒரு சர்க்கரைச் சங்கிலி. நூறு பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேர் வரை பிறவியிலேயே இந்தச் சங்கிலியை உண்டாக்க முடியாதவர்கள். அவர்களுக்கு நோய் எவ்வளவு முற்றினாலும் இந்த எண் தரையோடு தரையாகக் கிடக்கும். ஒருவருடைய சி.ஏ. 19-9 எப்போதுமே பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல், அந்த மார்க்கர் அவருக்குப் பேசாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சி.ஏ. 72-4 மற்ற இரண்டையும்விட இரைப்பைக்குச் சற்று நெருக்கமானது. வரம்பு பெரும்பாலும் 6.9 யூனிட். எல்லா ஆய்வகங்களிலும் இந்தப் பரிசோதனை கிடைப்பதில்லை.

சி.ஏ. 125 சினைப்பைப் புற்றுநோய்க்குப் பெயர் பெற்றது. ஆனால் வயிற்றுக்குள் உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை தூண்டப்பட்டால் இது ஏறும். இரைப்பைப் புற்றுநோய் விதை தூவியதுபோல் அந்த உறையில் பரவும் இயல்புடையது. தொடக்கத்தில் ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம். அதனால்தான் சினைப்பைக்குச் சம்பந்தமே இல்லாத ஆண் நோயாளிக்கும் சி.ஏ. 125 எழுதித் தருகிறார்கள். தவறாக எழுதிவிட்டார்களோ என்று பதற வேண்டாம்.

ஏ.எஃப்.பி. கல்லீரல் புற்றுநோயின் மார்க்கர். இரைப்பைப் புற்றுநோயாளிகளில் ஒரு சிறு பகுதியினருக்கு, கட்டி கல்லீரல் செல்லைப் போலவே நடந்துகொண்டு இதைச் சுரக்கும். இந்த வகை சீக்கிரமே கல்லீரலுக்குப் பரவக்கூடியது. எண்ணிக்கையில் குறைவு என்றாலும் கவனம் கூடுதலாக வேண்டிய வகை.

எல்லா மார்க்கரும் இயல்பாக இருக்கிறது. அப்படியானால் புற்றுநோய் இல்லை என்று நம்பலாமா?

நம்பக் கூடாது. ஜப்பானிய இரைப்பைப் புற்றுநோய்ச் சங்கத்தின் பணிக்குழு ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. இரைப்பைப் புற்றுநோய் உறுதியானவர்களில் சி.இ.ஏ. வரம்பு மீறியவர்கள் 21.1 சதவீதம்தான். சி.ஏ. 19-9-க்கு 27.8, சி.ஏ. 72-4-க்கு 30 சதவீதம். எந்த ஒரு மார்க்கரை எடுத்துக்கொண்டாலும் நோய் உள்ள பத்துப் பேரில் ஏழு பேர் தாளில் அம்புக்குறியே இருக்காது. தொடக்க நிலையில் இன்னும் மோசம். இந்த ஒரு தகவலையாவது மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ‘ரத்தத்தில் ஒன்றுமில்லை’ என்ற வார்த்தையை நம்பி எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

எண் அதிகம் என்றால் ஆயுள் குறைவு என்று அர்த்தமா?

எல்லோரும் கேட்க நினைத்து, பாதிப் பேர் கேட்காமலே திரும்பிப் போகும் கேள்வி இது. நேராகவே பதில் சொல்கிறேன்.

ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, சிகிச்சைக்கு முன் மார்க்கர் உயர்ந்திருந்தவர்களின் ஆயுள், இயல்பாக இருந்தவர்களைவிடச் சராசரியில் குறைவாக இருக்கிறது. மேலே சொன்ன மதிப்பாய்வும் மூன்று மார்க்கர்களுமே நோயின் நிலையோடும் ஆயுளோடும் தொடர்புடையவை என்றே சொல்கிறது. காரணம் புரியாததல்ல. கட்டி ஆழமாக இறங்கியிருந்தால், நிணநீர்க் கணுக்களைப் பிடித்திருந்தால், வேறு உறுப்புக்குப் போயிருந்தால் சுரக்கும் செல்கள் அதிகம். ரத்தத்தில் கலப்பதும் அதிகம். அதாவது எண் பெரும்பாலும் நோயின் பரவலைத்தான் வேறொரு மொழியில் சொல்கிறது. பரவலை ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் நேரடியாகவே சொல்லிவிட்ட பிறகு, எண் கூடுதலாகச் சொல்வது கொஞ்சம்தான்.

இரண்டு பேரைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவருக்கு சி.இ.ஏ. 12. ஆனால் கட்டி இரைப்பைச் சுவரைத் தாண்டவில்லை, கணுக்களில் நோய் இல்லை, முழுவதும் எடுத்தாகிவிட்டது. இன்னொருவருக்கு சி.இ.ஏ. 2, பெரிட்டோனியம் முழுவதும் நோய். தாளை மட்டும் பார்த்தால் முதலாமவருக்காக அழுவோம். ஆனால் இருவரில் கடினமான பாதையில் நிற்பவர் இரண்டாமவர்.

அப்படியானால் போக்கைத் தீர்மானிப்பவை எவை?

கட்டி சுவரில் எந்த அடுக்கு வரை இறங்கியது, எத்தனை நிணநீர்க் கணுக்களில் நோய் இருக்கிறது, வேறு இடத்துக்குப் பரவியதா: இந்த மூன்றும் முதலில். அறுவைச் சிகிச்சை செய்தவர் என்றால், வெட்டிய விளிம்புகளில் நோய் மிச்சமில்லாமல் எடுக்கப்பட்டதா என்பதும் பெரிய விஷயம். நோய்க்கூறு அறிக்கையில் எத்தனை கணுக்கள் பரிசோதிக்கப்பட்டன என்று பாருங்கள். குறைந்தது 16 கணுக்களையாவது பார்த்தால்தான் நிலையை நம்பிக்கையோடு சொல்ல முடியும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. சி.இ.ஏ. எண்ணைக் கேட்கும் வேகத்தில் பாதியாவது இந்த எண்ணைக் கேட்பதில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் பல முறை நினைத்ததுண்டு.

புற்றுநோய் அல்லாத காரணங்களால் எண் ஏறுமா?

தாராளமாக ஏறும். புகைபிடிப்பவர்களின் சி.இ.ஏ. பிடிக்காதவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். கல்லீரல் சுருக்க நோய், குடல் அழற்சி நோய் போன்றவற்றிலும் உயரும். பித்தநாளம் அடைத்து மஞ்சள் காமாலை வந்தால் சி.ஏ. 19-9 ஆயிரத்தைத் தாண்டிக்கூடப் போகலாம். அடைப்பு நீங்கியதும் இறங்கிவிடும். கணைய அழற்சியும் அதை ஏற்றும். சி.ஏ. 125 மாதவிடாய், கருப்பை உட்படல நோய், இதயச் செயலிழப்பு, வயிற்றுக் காசநோய் என்று பலவற்றிலும் உயரும். சி.ஏ. 72-4, யூரிக் அமிலம் கூடி வரும் கௌட் மூட்டுவலி உள்ளவர்களிடம் உயர்ந்து காணப்பட்டிருக்கிறது.

பரிசோதனை முறையே ஏமாற்றுவதும் உண்டு. முடிக்கும் நகத்துக்கும் என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை அதிக அளவில் இருந்தால், பயோட்டினைப் பயன்படுத்தும் சில பரிசோதனைக் கருவிகளில் இப்படிப்பட்ட மார்க்கர்களின் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டப்படலாம். சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாமல் ரத்தம் எடுக்கும் முன்பே மருத்துவரிடமோ ஆய்வகத்திலோ சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மார்க்கர் பார்ப்பது ஏன்?

பிற்பாடு ஒப்பிடுவதற்கு. முன்பு 40 இருந்த சி.இ.ஏ. அறுவைக்குப் பின் 3 ஆனால், அந்த 3-க்கு ஒரு கதை உண்டு. முன்பு எவ்வளவு இருந்தது என்றே தெரியாவிட்டால் அது வெறும் 3. இறங்குவதற்கும் அவகாசம் தர வேண்டும்: சி.ஏ. 19-9 விரைவில் இறங்கும், சி.இ.ஏ. இயல்புக்கு வர 4 முதல் 6 வாரம் வரை பிடிக்கலாம். அறுவை முடிந்த பத்தாம் நாளே பரிசோதித்துவிட்டு ‘இன்னும் இறங்கவில்லையே’ என்று கலங்குவது தேவையற்ற வேதனை. போதுமான காலம் கடந்தும் இறங்காமல் நின்றால், கண்ணுக்குத் தெரியாத நோய் எங்கோ மிச்சம் இருக்கலாம் என்ற கேள்வி எழும். அறுவைக்கு முன் உயர்ந்திருந்து பின்பு இயல்புக்கு வந்துவிடுவது நல்ல அறிகுறி. தனி எண்ணைவிட இந்த இறக்கத்துக்கு நான் அதிக மதிப்புத் தருவேன்.

கீமோதெரபி தொடங்கியபின் எண் ஏறிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா?

முதல் சில வாரங்களுக்குள் என்றால் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். மருந்து பட்டுச் சாகும் செல்கள் தமக்குள் இருந்ததைக் கொட்டிவிடுவதால் எண் சில நாள் ஏறிப் பின் இறங்குவது சிலரிடம் நடக்கிறது. எண் ஏறியது என்ற ஒரே காரணத்துக்காக, நன்றாகத் தாங்கிவரும் மருந்தை மாற்றுமாறு மருத்துவரை நெருக்காதீர்கள். இரண்டு, மூன்று சுழற்சிக்குப் பின் ஸ்கேன், நோயாளியின் பசி, எடை, நடமாட்டம் ஆகியவற்றோடு வைத்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். ஸ்கேனில் கட்டி வளர்ந்து, எண்ணும் தொடர்ந்து ஏறினால் அது வேறு பேச்சு. அப்போது மருந்தை மாற்றுவது பற்றிப் பேசத்தான் வேண்டும்.

சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டு ஆகிறது. எண் மெல்ல ஏறுகிறது, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. என்ன பொருள்?

மனத்தை மிகவும் வாட்டும் நிலை இதுதான். திரும்பி வரும் நோயை மார்க்கர் பெரும்பாலும் ஸ்கேனுக்கு 2 அல்லது 3 மாதம் முன்பே காட்டிவிடுகிறது என்று அந்த ஜப்பானிய மதிப்பாய்வு சொல்கிறது. எனவே ஏற்றத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. அதே நேரம் ஒரு ஏற்றம் மட்டும் தீர்ப்பாகிவிடாது.

வழக்கமாக நடப்பது இது. சில வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி எடுப்பார்கள். 5-இலிருந்து 6, பின் 5 என்று ஊசலாடினால் அது பெரும்பாலும் அளவீட்டின் இயல்பான அசைவு. 5, 9, 17 என்று படியேறினால் தேட வேண்டும். மஞ்சள் காமாலை, அழற்சி போன்ற மற்றக் காரணங்களை விலக்குவார்கள். சி.டி. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் செய்வார்கள். சிலருக்கு பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்களைக் காட்டும் ஸ்கேன்) உண்டு. ஆனால் சிதறிப் பரவும் வகை இரைப்பைப் புற்றுநோய் பெட் ஸ்கேனில் மங்கலாகவே தெரியும் என்பதால் அதன் ‘சுத்தம்’ என்ற சொல்லை முழுதாக நம்ப முடியாது. பெரிட்டோனியத்தில்தான் சந்தேகம் என்றால் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளை வழியே வயிற்றுக்குள் கேமராவைச் செலுத்தி, நேரில் பார்ப்பதும் உண்டு. எண்ணை மட்டும் வைத்துக் கீமோதெரபியை மறுபடி தொடங்குவது பொதுவாக வழக்கமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோய் திரும்பியதை இரண்டு மாதம் முன்கூட்டி அறிவதால் ஆயுள் நீள்கிறது என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை. எனவே இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே உள்ள நாட்களை எண்ணுக்காகக் காத்திருந்தே தீர்த்துவிட வேண்டியதில்லை. கண்காணிப்பின் பயன், திட்டமிட அவகாசம் கிடைப்பதில் இருக்கிறது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜப்பானிய வழிகாட்டி, அறுவைக்குப் பின் சி.இ.ஏ., சி.ஏ. 19-9 இரண்டையும் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்கச் சொல்கிறது. ஐரோப்பிய வழிகாட்டிகள் அந்த அளவு அழுத்தம் தருவதில்லை. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புவதால், அந்தக் காலத்தில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளியை விரித்து ஐந்து ஆண்டு வரை என்பது பல இடங்களில் உள்ள நடைமுறை. மாதந்தோறும் எடுத்தால் தெளிவு கூடாது, கவலைதான் கூடும். முடிந்தவரை ஒரே ஆய்வகம் வேண்டும். சி.ஏ. 19-9-ஐ அளக்கும் முறைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், ஒரே ரத்தத்துக்கே இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் தரலாம்.

ஹெர்2, பி.டி.-எல்1 என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே, அவையும் டியூமர் மார்க்கர்தானா?

பெயர் அப்படித்தான், வேலை வேறு. அவற்றைப் பெரும்பாலும் ரத்தத்தில் பார்ப்பதில்லை. கட்டியிலிருந்து எடுத்த திசுவில் பார்க்கிறார்கள். சி.இ.ஏ. போன்றவை நோய் எப்படிப் போகக்கூடும் என்று சொல்பவை. ஹெர்2 போன்றவை எந்த மருந்து பலிக்கும் என்று சொல்பவை. இரண்டாவது கேள்விக்கான பதில்தான் சிகிச்சையை மாற்றுகிறது.

2010-இல் வெளியான டோகா ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முற்றிய நிலையில், திசுவில் ஹெர்2 மிகுந்திருந்தவர்களுக்குக் கீமோதெரபியோடு, ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. இடைநிலை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் 13.8 மாதம்தான் வாழ்ந்தார்கள் என்று பொருளில்லை. பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்தார்கள், சிலர் அதைவிட வெகுகாலம். நோயாளியை நோக்கி ‘இத்தனை மாதம்’ என்று சொல்லப்படும் எந்த எண்ணையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

பி.டி.-எல்1, எம்.எஸ்.ஐ., கிளாடின் 18.2 ஆகியவையும் திசுவில் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுபவை. முற்றிய நோய் என்றால், இந்தப் பரிசோதனைகள் அனுப்பப்பட்டனவா என்று கேட்டுவிடுங்கள்.

சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே போக்கு தெரியும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் குறைவது, ரத்தசோகை, வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் கூடி லிம்ஃபோசைட் குறைவது ஆகியவை மோசமான போக்கோடு தொடர்புடையவை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1984-இல் ஓனோடெரா என்ற ஜப்பானிய மருத்துவரின் குழு எளிய கணக்கு ஒன்று தந்தது: டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற ஆல்புமின் அளவைப் பத்தால் பெருக்கி, ஒரு கன மில்லிமீட்டரில் உள்ள லிம்ஃபோசைட் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். ஆல்புமின் 3.5, லிம்ஃபோசைட் 1500 என்றால் 35-உம் 7.5-உம் சேர்ந்து 42.5. இது 40-க்குக் கீழே போனால் அறுவைச் சிகிச்சையைத் தாங்கும் வலு குறித்து எச்சரிக்கை.

எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். சி.இ.ஏ.-வை நோயாளி தன் முயற்சியால் இறக்க முடியாது. ஊட்டம் அப்படியல்ல. சிறிது சிறிதாகப் பல வேளை உண்பது, புரதம் கூட்டுவது, தேவைப்பட்டால் குழாய் வழி உணவு, அறுவைக்கு முன் சில வாரம் உடலைத் தேற்றுவது என்று செய்ய வேலை இருக்கிறது. உணவியல் வல்லுநரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.-வைத் தேடும் புதிய பரிசோதனை?

சாகும் புற்றுநோய்ச் செல்கள் தங்கள் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன. அறுவைக்குப் பின்னும் அந்தத் துணுக்குகள் தென்பட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஆனால் தென்படாவிட்டால் நோய் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. பெரிட்டோனியத்தில் ஒளிந்த நோய் ரத்தத்தில் குறைவாகவே தடயம் விடுகிறது. முடிவைக் கொண்டு சிகிச்சையை எப்படி மாற்றுவது என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. செலவு செய்து எடுக்கும் முன், முடிவு எப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நலமாக இருக்கும் நான் முன்னெச்சரிக்கையாக டியூமர் மார்க்கர் பார்க்கலாமா?

வேண்டாம். நோயிருந்தும் இயல்பாக வரக்கூடிய, நோயில்லாமலும் ஏறக்கூடிய பரிசோதனை இந்த வேலைக்கு உதவாது. குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் இந்த நோய்க்கு வழிவகுக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கான பரிசோதனை பற்றியும் எண்டோஸ்கோப்பி பற்றியும் கேளுங்கள். இந்த நோய் அதிகமுள்ள தென்கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை செய்கிறார்கள். அவர்கள் நம்புவது எண்டோஸ்கோப்பியை.

அப்பாவிடம் எண்ணைச் சொல்லலாமா, மறைத்துவிடலாமா?

அவரையே கேளுங்கள். ‘அப்பா, ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அடுத்து என்ன செய்வது என்பதை மட்டும் சொன்னால் போதுமா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் தெளிவாகவே பதில் சொல்வார்கள். சிலருக்கு ஒவ்வொரு எண்ணும் வேண்டும், குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். சிலர் ‘நீ பார்த்துக்கொள்’ என்பார்கள். இரண்டும் அவர்கள் உரிமை. தாளை ஒளித்து வைத்துவிட்டு முகத்தில் கவலையோடு நடமாடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவர் அந்த முகத்தைப் படித்து, உண்மையைவிடப் பெரிய எண்ணைத் தானே கற்பனை செய்துகொள்வார்.

அடுத்த பரிசோதனை தேதி வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் எவை?

கருநிற மலம், ரத்த வாந்தி, எதைச் சாப்பிட்டாலும் வாந்தியாவது, விழுங்க முடியாமல் போவது, வயிறு நாளுக்கு நாள் உப்புவது, கண் மஞ்சளாவது, காரணமின்றி எடை சரிவது. இவற்றில் எது வந்தாலும், போன வாரம் எடுத்த மார்க்கர் இயல்பாகவே இருந்திருந்தாலும், உடனே மருத்துவரைப் பாருங்கள். கருநிற மலமோ ரத்த வாந்தியோ என்றால் அவசரப் பிரிவுக்கே போங்கள்.